'ராய்ட்' என்று முடியும் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை? என்ன பொருள்?

பிரிட்டிஷ் மக்களவையின் முதல் பெண் சபாநாயகராக 1992இல் தேர்வான பெட்டி பூத்ராய்டை வைத்தே தொடங்கலாம். அவர் பிறந்தது மேற்கு யார்க்‌ஷயரின் ட்யூஸ்பரியில். 'ராய்ட்' பெயர்களின் தாய்மண்ணும் வட இங்கிலாந்தின் இந்த மேற்கு யார்க்‌ஷயர்தான். ஹாலிஃபாக்ஸைச் சுற்றிய மலைச்சரிவுகளில் இந்தப் பெயர்கள் மிக அடர்த்தி.

காடு வெட்டித் திருத்திய நிலம் என்பதே பொருள். அக்ராய்ட் என்றால் ஓக் மரங்கள் இருந்த இடம், ஹால்ராய்ட் பள்ளத்து நிலம், பூத்ராய்ட் கொட்டகை போட்ட நிலம். எனக்கு மிகவும் பிடித்தது மர்கட்ராய்ட். மார்கரெட்டின் நிலம்! ஹாலிஃபாக்ஸ் அருகே வார்லியில் தோன்றிய பெயர். ஒரு பெண்ணின் பெயர் நிலத்துக்கு வந்து, அங்கே குடியிருந்த குடும்பத்துக்கும் ஒட்டிக்கொண்டு, 600 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது. ஆண்வழிப் பெயர்களே மலிந்த ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் இது அபூர்வம்.

சரி, இது ஏன் அந்த வட்டாரத்தோடு நின்றது? பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ராட்'. மேற்கு யார்க்‌ஷயர் பேச்சில் 'ஓ' ஓசை 'ஒய்' என்று திரியும். நிலக்கரியைக் குறிக்கும் 'கோல்' அங்கே 'கொய்ல்'. அப்படித்தான் 'ராட்' 'ராய்ட்' ஆனது. பென்னைன் மலையைத் தாண்டி லங்காஷயருக்குப் போனால் அதே சொல் திரியாமல் இருக்கிறது. பர்ன்லி பக்கத்து ஆர்மராட் அப்படிப்பட்ட பெயர். 'ஆர்ம்' என்ற ஸ்காண்டிநேவியப் பெயருடையவர் திருத்திய நிலம். மலையின் எந்தப் பக்கத்துக் குடும்பம் என்பதைப் பெயரின் கடைசி அசையே காட்டிக்கொடுக்கிறது.

ஒரே பண்ணையிலிருந்து கிளைத்த பெயர் என்றால், அதைச் சுமப்பவர்கள் பலரும் தூரத்து உறவினராக இருக்க வாய்ப்பு அதிகம். அதே பகுதியில் பரவலாக உள்ள 'சைக்ஸ்' என்ற பெயரை மரபியலாளர் பிரையன் சைக்ஸ் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். சோதித்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் ஒரே வகையாக இருந்தது.

ஆனால் அக்ராய்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். ஓக் மரம் எங்கும் உண்டு என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அந்தப் பெயர் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம். எழுத்துக்கூட்டலும் பலவிதம். ஹாலிஃபாக்ஸில் ஆலைத் தொழிலாளர்களுக்காக அக்ராய்டன் குடியிருப்பை அமைத்த எட்வர்ட் அக்ராய்ட், Ackroyd என்பதை 'சி' இல்லாமல் Akroyd என்று எழுதினார். நடிகர் டான் அய்க்ராய்ட் 'ஒய்' சேர்த்து Aykroyd என்று எழுதுகிறார். பழைய தேவாலயப் பதிவேடுகளில் தேடினால் எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.