அப்பாவின் ஃபிளாப்பிகள்: செருகுவதற்கு முன் சில நிமிடங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தமிழாசிரியராக இருந்து மறைந்த என் தந்தையின் டிரங்குப் பெட்டியில் சுமார் நாற்பது ஃபிளாப்பிகள் கிடைத்தன. பெரும்பாலானவை மூன்றரை அங்குலம். ஆறு மட்டும் ஐந்தேகால் அங்குலம். 'கட்டுரைகள் 1997' என்பது போன்ற குறிப்புகளை அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி முதல் வட்டைச் செருகினேன். 'ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று கணினி கேட்டதும் பயந்து வெளியே எடுத்துவிட்டேன். அவர் எழுதியவற்றை மீட்க முடியுமா?"

நீங்கள் வட்டை எடுத்துவிட்டது மிகச் சரியான செயல். ஃபார்மட் கேட்கிறது என்பதாலேயே வட்டு காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1.44 எம்.பி. வட்டு ஒன்றில் பக்கத்துக்கு 80 தடங்கள் (வட்டமான பதிவுப் பாதைகள்), தடத்துக்கு 18 செக்டர்கள் (தரவைத் தாங்கும் சிறு துண்டுகள்) என இரு பக்கமும் சேர்த்து 2,880 செக்டர்கள் உள்ளன. அவற்றில் முதல் 33 செக்டர்களில்தான் வட்டின் அடையாளமும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும், கோப்புகளின் பெயர்களும் இருக்கின்றன. இவை அனைத்தும் இரு பக்கத்திலும் வெளிவிளிம்பில் உள்ள முதல் தடங்களிலேயே அடங்கிவிடும். அந்தப் பகுதியின் தொடக்கம் மட்டும் பழுதாகியிருந்தாலும் கணினி வட்டை அடையாளம் காணாது. ஆனால் மீதமுள்ள 2,847 செக்டர்களில் உங்கள் தந்தையின் எழுத்து அப்படியே இருக்கக்கூடும். ஃபார்மட் செய்ய ஒப்புக்கொண்டால்தான் உண்மையான இழப்பு தொடங்குகிறது.

அடுத்த வட்டைச் செருகுவதற்கு முன் ஒவ்வொன்றின் மேற்சீட்டையும் புகைப்படம் எடுத்து வரிசை எண் கொடுங்கள். பழைய பசை காய்ந்து சீட்டுகள் உதிர்ந்துவிடும். பிறகு எழுதவிடாமல் தடுக்கும் பூட்டைப் போடுங்கள். மூன்றரை அங்குல வட்டின் மூலையில் உள்ள சிறு தகட்டை, துளை திறந்து வெளிச்சம் தெரியும்படி நகர்த்த வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டில் இது நேர்மாறானது: ஓரத்தில் உள்ள வெட்டை ஒளி புகாத ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

இனிச் சொல்வதை ஒரு வட்டுக்குக்கூட விட்டுவிடாதீர்கள். மூன்றரை அங்குல வட்டின் உலோக மூடியை விரலால் நகர்த்திப் பிடித்துக்கொண்டு, பின்புறத்து உலோக மையத்தை மெல்லச் சுழற்றி, நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் பாருங்கள். வன்தட்டில் வாசிப்பு முனை தட்டைத் தொடாமல் மிதக்கும். ஃபிளாப்பியிலோ வாசிப்பு முனை வட்டை உரசிக்கொண்டே படிக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் வட்டின் காந்தப் பூச்சின்மேல் பூஞ்சை படர்வது சகஜம். வெண்புள்ளிகளோ சாம்பல் திட்டுகளோ உள்ள வட்டைச் செருகினால், நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் அந்த அழுக்கே பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சு உதிர்ந்து வளையமாகப் பளபளக்கும் இடத்தில் இருந்த தரவை எவராலும் மீட்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், இப்படிப் பார்க்காமல் நான் செருகிய ஒரு வட்டு அழிந்தது மட்டுமல்லாமல், முனையில் ஒட்டிய துகள்கள் அடுத்து வந்த இரண்டு வட்டுகளையும் கீறிவிட்டன. அந்த இரண்டும் அதுவரை நன்றாக இருந்தவை; அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

பூஞ்சை தென்பட்ட வட்டுகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, சுத்தமானவற்றை முதலில் படியுங்கள். ஒதுக்கியவற்றை வெயிலில் காயவைக்காமல், சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். அவற்றின் உறையைப் பிரித்து, நூல் பிரியாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்து, நல்ல உறைக்கு மாற்றிப் படிக்கலாம். பூச்சு கரைகிறதா என்பதை முதலில் விளிம்பில் சோதித்துக்கொள்ளுங்கள். எதுவும் எழுதப்படாத பழைய வட்டில் இரண்டு முறை பழகிவிட்டுச் செய்வது நல்லது.

படிக்கும்போது கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் வட்டு முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக நகலெடுத்துவிட்டு, தேடலை எல்லாம் அந்த நகலில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. அது எளிதாகப் படிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். 1.44 எம்.பி. வட்டின் முழுமையான படிமம் சரியாக 14,74,560 பைட் இருக்கும். சில செக்டர்கள் விடுபட்டால் வேறொரு டிரைவில் முயலுங்கள். எழுதிய டிரைவின் முனை இம்மியளவு விலகியிருந்தால் ஒன்று படிக்காததை மற்றொன்று படித்துவிடும். இந்தப் படிமத்தில், அவர் அழித்துவிட்ட முந்தைய வரைவுகள்கூடக் கிடைக்கலாம்; அழிக்கும்போது அட்டவணையில் உள்ள குறிப்பு மாறுமே தவிர, அதே இடத்தில் வேறு கோப்பு எழுதப்படும்வரை எழுத்து அங்கேயே கிடக்கும்.

அந்த ஆறு ஐந்தேகால் அங்குல வட்டுகள் உங்கள் யூ.எஸ்.பி. டிரைவில் நுழையாது. பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதைக் கிரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகை வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். இத்தகைய பலகை செக்டர்களைக் கேட்பதில்லை. காந்தப்புலத்தின் மாற்றங்களையே பல சுற்றுகள் பதிவு செய்துகொள்வதால், பழுதான மூன்றரை அங்குல வட்டுகளுக்கும் அதுவே கடைசி வழி.

வட்டைப் படித்ததோடு வேலை முடிவதில்லை. அமிகா கணினியில் 1985ஆம் ஆண்டு ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தவற்றை, பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் வட்டுகளிலிருந்து மீட்டு 2014இல் வெளிப்படுத்தினர். வட்டுகளைப் படித்த பிறகும், படங்கள் சேமிக்கப்பட்டிருந்த வடிவம் அறியப்படாததாக இருந்ததால் அதையும் அவர்கள் தனியே ஆராய்ந்து கண்டறிய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த இரண்டாவது தடை எழுத்துருவில் இருக்கும். 1997இல் தமிழுக்குப் பொதுவான குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தம், நடைமுறையில் இல்லை. தமிழக அரசின் டி.ஏ.எம்., டி.ஏ.பி. தரங்களே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தவை. ஆகவே, ஏதேனும் ஒரு நிறுவனம் தனக்கென அமைத்த குறியாக்கத்தை எதிர்பாருங்கள்.

வேர்டு கோப்பாக இருந்தால் லிப்ரே ஆபிஸில் திறந்து, எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே தெரியும். வெறும் உரைக்கோப்பில் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி மிகுதியாக வந்தால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் முறை. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில்தான் அமர்ந்திருக்கிறது. குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் போலத் தெரிந்தால் திஸ்கி அல்லது அதைப் போன்ற இருமொழிக் குறியாக்கமாக இருக்கலாம். முறை தெரிந்துவிட்டால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். பாமினியில் ஆங்கிலத்துக்குத் தனி இடம் இல்லாததால், கட்டுரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

மாற்றிய உரையில் 'வௌி', 'வௌ்ளி' ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதன் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே என்பதால், மாற்றும் மென்பொருள் 'வெளி', 'வெள்ளி' போன்ற சொற்களில் இப்படி இடறும். எந்தத் திருத்தத்தையும் மாற்றிய நகலில் மட்டும் செய்து, படிமக் கோப்பையும் மூலக் கோப்பையும் தொடாமல் இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் சேமித்து வையுங்கள்; பாகுபாடு தெரியாத சொல் வரும்போது உங்கள் தந்தை தட்டிய விசை எது என்பதை மூலக் கோப்பில்தான் பார்க்க முடியும்.