மூலையில் ஒரு பச்சை ஆமை

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினியில், பாடத்துக்காக வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதற்குள் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக உபுண்டு ஊர்கிறது. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் முன்பு இல்லாத பச்சை ஆமைப் படம் வேறு! மூன்று முறை நீக்கி மறுபடி நிறுவியும் ஆமை போகவில்லை. இது வைரஸா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: வைரஸ் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் ‘வி’ எழுத்து பொறித்த சிப் படம் இருக்கும். அது ஆமையாக மாறினால், “பிராசஸரை நேரடியாகத் தொட முடியவில்லை, வேறொருவர் வழியாகப் போகிறேன்” என்று வர்ச்சுவல்பாக்ஸ் ஒப்புக்கொள்கிறது என்று பொருள். இவ்வளவு நேர்மையான மென்பொருளைப் போய் மூன்று முறை நீக்கியிருக்கிறீர்கள்.

அந்த வேறொருவர் ஹைப்பர்-வி: விண்டோஸுடனேயே வரும் ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடித்தள மென்பொருள். இப்படிக் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கென்றே இன்டெல்லும் ஏஎம்டியும் 2005, 2006 வாக்கில் பிராசஸரில் ஒரு வசதியைச் சேர்த்தன. அதை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். ஹைப்பர்-வி விண்டோஸுக்கு முன்பே எழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் விண்டோஸே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு வரும் வர்ச்சுவல்பாக்ஸுக்கு வாசல் அடைப்பு. 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து அது ஹைப்பர்-வியிடமே அனுமதி கேட்டு ஓடக் கற்றுக்கொண்டது. வேகம் போனது அந்தச் சுற்றுவழியால்தான்.

“ஹைப்பர்-வியை நான் நிறுவவே இல்லையே” என்பீர்கள். யாரும் தெரிந்து நிறுவுவதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டாலும், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்கினாலும் அதே ஹைப்பர்வைசர் உள்ளே வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன், டபிள்யூஎஸ்எல் 2 மேல் ஓடும் டாக்கர் போன்ற மென்பொருள் ஏதும் நிறுவினீர்களா? ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து கடைசி வரியைப் பாருங்கள். ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்றிருந்தால் ஐயமே வேண்டாம்.

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள். பாடத்துக்குத் தேவை கட்டளைவரி மட்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் 2 போதும், வர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிடலாம். விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால் உபுண்டுவை ஹைப்பர்-வியிலேயே ஏற்றலாம். வர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும், முழு வேகத்தில் வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் குறியை எடுங்கள். அதன்பின் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது. ஆமை அப்போதும் அசையாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘கோர் ஐசொலேஷன்’ பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியை அணையுங்கள். அது கெட்ட டிரைவர்கள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் நுழையாமல் காக்கும் காவல். பாடம் முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். நான் ஒருமுறை அணைத்துவிட்டு ஏழு மாதம் மறந்திருக்கிறேன். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி போடுவது வேறு. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினி அப்போது கெர்னலைத் தூங்கவைத்து எழுப்புமே தவிர, புதிதாகத் தொடங்காது. இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க அணைத்து அணைத்துப் போட்டு, ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கேள்வி: அலுவலகக் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற பழைய விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது. விண்டோஸின் ‘கிரெடென்ஷியல் கார்டு’டன் (Credential Guard) ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. அதை அணைத்துவிடட்டுமா?
– கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்

பதில்: வேண்டாம். உள்நுழைவு ரகசியங்களைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டு அது. அதுவும் அதே ஹைப்பர்வைசரின் மேல் ஓடுவதால்தான் இந்த மோதல். அலுவலகம் போட்ட பூட்டை நீங்கள் கழற்றக் கூடாது. ஒர்க்ஸ்டேஷனைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 2020இல் வந்த 15.5.5 முதல், விண்டோஸ் 10இன் ‘2004’ என்று எண்ணிட்ட பதிப்பிலும் (அது ஆண்டு அல்ல) அதற்குப் பிந்தையவற்றிலும் இரண்டும் சேர்ந்தே ஓடும். மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது மட்டும் நடக்காது. கணக்குப் பிரிவில் அதற்கு என்ன தேவையோ, எனக்குப் புரியவில்லை.