கேள்வி – பதில்: பிளேடு விற்கிறவர் நமக்குப் புத்தி சொல்லலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். என் மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் 5 படிக்கிறான். நன்னெறிப் பாடத்தில் ஆசிரியை ஜில்லெட் நிறுவனத்தின் பழைய விளம்பரம் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆண்கள் பெண்களைச் சீண்டுவதை, பையன்கள் ஒருவனைச் சேர்ந்து அடிப்பதை, மற்ற ஆண்களே தட்டிக்கேட்க வேண்டும் என்று சொல்லும் விளம்பரமாம். அவன் வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர், "பிளேடு விற்கிறவன் எனக்கு ஒழுக்கம் சொல்ல வந்துவிட்டானா?" என்று சத்தம் போட்டார். மூன்று நாளாக அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் விளம்பரத் துறையில் இருந்தவர். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, பிறை

பதில்: சகோதரி, நியாயம் உங்கள் மகன் பக்கம்தான். ஆனால் உங்கள் கணவரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

அந்த விளம்பரம் 2019 ஜனவரியில் வந்தது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கிம் கெரிக் என்ற பெண் இயக்கியது. ஆண் பெறக்கூடியதிலேயே சிறந்தது தங்கள் பிளேடுதான் என்று 1989 முதல் சொல்லிவந்த நிறுவனம், முப்பது வருடம் கழித்து அதே வாசகத்தைத் திருப்பிப் போட்டு, ஆண் எவ்வளவு சிறந்தவனாக ஆக முடியும் என்று கேட்டது. தமிழில் விளம்பர வாசகம் எழுதியே பிழைத்த எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. 'பெறுவது' போய் 'ஆவது' வந்துவிட்டது. அதில் ஒரு காட்சி: இரண்டு சின்னப் பையன்கள் புல்தரையில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். இறைச்சி சுடும் அடுப்புகளுக்குப் பின்னால் வரிசையாகக் கைகட்டி நிற்கும் அப்பாக்கள், ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் ஓடிப்போய் விலக்கிவிடுகிறார்.

அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் என் அப்பா வைத்திருந்த முடிவெட்டும் கடையின் பெஞ்சு நினைவுக்கு வந்தது. இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, சாமி படத்துக்குக் கீழே ஒரு வானொலி. அப்பா பிளேடைக் காகித உறையோடு நடுவில் மடித்து 'டக்' என்று ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார், மறு பாதியை அடுத்தவருக்கு வைப்பார். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு வந்ததும் கீழே விழுந்த முடியைக் கூட்டுவது என் வேலை.

துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் சனிக்கிழமைதோறும் சவரத்துக்கு வருவார். முகத்தில் நுரை ஏறும்வரை வாய் ஓயாது. "நேற்று ராத்திரி பெண்டாட்டிக்கு இரண்டு வைத்தேன், இன்று காலையில் தோசை பூப்போல வருகிறது" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார், ஒன்றும் சொல்லவும் மாட்டார். பிளேடை ஒடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். அவர் மனைவி சில ஞாயிறுகளில் தன் பையனை முடிவெட்ட அழைத்து வருவார். வெயிலிலும் முந்தானையால் கையை மூடியிருப்பார். அந்தப் பையனிடம் மட்டும் அப்பா காசு வாங்கமாட்டார்.

ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று ஒருநாள் இரவு அப்பாவிடம் கேட்டேன். "நான் ஒன்று சொன்னால் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவரோடு நாலு பேர் போவார்கள். அப்புறம் உனக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது?" என்றார். அப்பா கோழை இல்லை. கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். கடைசியில் அதைச் சொன்னவர் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அன்று அந்த மனிதர் பையனையும் கூட்டி வந்திருந்தார். வழக்கமான கதையை ஆரம்பித்ததும் வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, உங்கள் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் அந்தக் கதை கடையில் வரவில்லை. வீட்டில் கை நின்றதா என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

வாத்தியார் இழக்க ஒன்றும் இல்லாதவர். அப்பாவுக்கு ஐந்து வாடிக்கையாளர்கள் போயிருப்பார்கள். அதனால்தான் ஒரு நிறுவனம் சமூகத்துக்கு ஏதாவது சொல்லும்போது, இது நல்லெண்ணத்தில் சொல்கிறதா, விற்பனைக்குச் சொல்கிறதா என்று நான் துருவுவதில்லை. விற்பனைக்குத்தான். சொன்னதால் எதை இழக்க நேரிடும், அப்படி நேர்ந்தபோது சொன்ன சொல்லில் நின்றதா என்றுதான் பார்க்கிறேன். ஜில்லெட் அந்த விளம்பரத்தைத் தன் பிளேடை வாங்கும் ஆண்களின் முகத்துக்கு நேராகவே சொன்னது. யூடியூபில் பிடித்தது என்றவர்களைவிடப் பிடிக்கவில்லை என்றவர்கள் அதிகமானார்கள். இனி வாங்கமாட்டோம் என்று பலர் அறிவித்தார்கள். ஜில்லெட் விளம்பரத்தை நீக்கவில்லை. ஆண்பிள்ளைகளை நல்லபடி வளர்க்க உழைக்கும் அமைப்புகளுக்கு ஆண்டுக்கு பத்து லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுக்குத் தருவதாகவும் அறிவித்திருந்தது. என் அப்பாவால் முடியாததை ஒரு பிளேடு கம்பெனி செய்தது என்றால் அதை நான் ஏன் மறுக்க வேண்டும்?

உங்கள் கணவருக்கு வருகிறேன். தன்னையும் கூண்டில் ஏற்றிவிட்டதாக அவர் நினைத்திருப்பார். நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் மனிதருக்கு அது வலிக்கும். விளம்பரத்தைப் பற்றி இனி அவர்கள் இருவரும் பேச வேண்டாம். அவர் வேலையிடத்தில் என்றைக்காவது ஒரு அநியாயத்தைப் பார்த்து வாய் திறக்க முடியாமல் போயிருக்கும். அதை மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். மகன் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். சாப்பாட்டு மேசையைவிட, காரில் இருவரும் முன்னால் பார்த்தபடி போகும்போது இது எளிதாக வரும்.

கேள்வி: அந்த விளம்பரத்தால் ஜில்லெட்டுக்கு 800 கோடி டாலர் நட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வியாபாரி வியாபாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: தொகை சரி, காரணம் தவறு. ஜில்லெட்டை ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2005இல் ஏறக்குறைய 5,700 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மதிப்பு கணக்கில் அப்படியே இருந்தது. 2019 ஜூலையில் அதில் 800 கோடியைக் குறைத்துக்கொண்டார்கள். கல்லாவிலிருந்து போன பணம் அல்ல. தாமான் குடியிருப்பில் ஐந்து லட்சத்துக்கு வாங்கிய வீட்டை இன்று நாலேகால் லட்சத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வதைப் போன்றது. அவர்கள் சொன்ன காரணங்கள்: பல நாடுகளின் நாணய மதிப்பு இறங்கியது, மலிவாகப் பிளேடு விற்கும் போட்டியாளர்கள் வந்தார்கள், ஆண்கள் முன்போல் அடிக்கடி சவரம் செய்வதில்லை. உங்கள் வீட்டு இளைஞர்களின் தாடியைப் பாருங்கள்.

நிலைப்பாடு எடுப்பவர்கள் எல்லாரும் கவிழ்வதும் இல்லை, எல்லாரும் நிற்பதும் இல்லை. நைக்கி 2018இல், இனவாதத்தை எதிர்த்து ஆட்டக்களத்தில் மண்டியிட்ட அமெரிக்கப் பாணிக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கைத் தன் விளம்பர முகமாக்கியது. பிடிக்காதவர்கள் நைக்கி காலணிகளைக் கொளுத்திப் படம் போட்டார்கள். நைக்கி பின்வாங்கவில்லை. பெப்சி 2017இல் போராட்டக்காரர்களையும் போலீஸையும் ஒரு குளிர்பான டின்னால் சமாதானம் செய்துவைப்பதுபோல விளம்பரம் எடுத்தது. மறுநாளே மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. அடிபட்டவர்களின் வலியை வெறும் பின்னணிப் படமாக ஆக்கியதற்கு அது வேண்டியதுதான்.

எனக்கு மனம் கனத்தது 2020 அக்டோபரில், இந்தியாவின் தனிஷ்க் நகைக்கடை விளம்பரத்துக்கு. முஸ்லிம் குடும்பம் ஒன்று தங்கள் இந்து மருமகளுக்கு அவள் வீட்டு முறைப்படி வளைகாப்பு நடத்துகிறது. அவ்வளவு அழகான ஒன்றை, மிரட்டல்கள் குவிந்ததால் சில நாளில் எடுத்துவிட்டார்கள். ஊழியர்களின் பாதுகாப்பைக் கருதி என்றார்கள். கடையில் நிற்கும் விற்பனைப் பெண்ணை நினைத்தால் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் வாசகம் எழுதுகிறேன். தீபாவளி விளம்பரம் என்றாலே அம்மா அடுப்படியில், அப்பா நாற்காலியில். மாற்றி எழுதினால் வாடிக்கையாளர், "நம் ஆட்கள் ஏற்கமாட்டார்கள்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, அதே வாக்கியத்தை எனக்கும் சொன்னார்கள். தொண்ணூறுகளில் ஒரு சமையல் எண்ணெய்க்கு, கணவர் முறுக்குப் பிழிவதாக எழுதிக் கொடுத்தேன். இயல்பாக இல்லை என்றார்கள். பத்தே நிமிடத்தில் அம்மாவை உட்காரவைத்து மாற்றிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிந்தது அப்பாதான். மாவு கெட்டியாக இருந்தால் உரலை அழுத்தக் கைவலு வேண்டும். அவர் வாழையிலையில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து தருவார், அம்மா எண்ணெயில் போட்டு எடுப்பார். அந்தத் தெருவில் பல வீட்டில் அப்படித்தான். இருந்ததைத்தான் எழுதினேன், அதையும் காப்பாற்றவில்லை. இன்றும் தீபாவளிக்கு முந்தின வாரம் அது என்னை உறுத்துகிறது.

வாடிக்கையாளரிடம் உபதேசம் செய்யாதீர்கள். பொருளை விற்றுக் காட்டிய விளம்பரத்தைக் காட்டுங்கள். ஜில்லெட்டை வைத்திருக்கும் அதே தாய் நிறுவனம் இந்தியாவில் ஏரியல் சலவைத்தூளுக்கு 2015இல், துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டுமா என்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த படத்தில், வேலையிலிருந்து வந்த மகள் தொலைபேசியில் பேசியபடியே சமைப்பதையும் துணி எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா, தான் அவளுக்குச் சரியான முன்மாதிரியாக இருக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். வீட்டுக்குப் போய்த் தன் துணியைத் தானே இயந்திரத்தில் போடுகிறார். 2019இல் ஓர் அம்மா தன் மகனுக்குத் துவைக்கச் சொல்லித்தருகிறார். ஒரே கேள்வியை வருடக்கணக்காக விடாமல் கேட்டார்கள். தீபாவளிக்கு ஒருநாள் மட்டும் ஆணுக்கு ஏப்ரன் கட்டிவிட்டு மறந்துவிடவில்லை.

சொல்லிலும் கவனம் வையுங்கள். 'மனைவிக்கு உதவுகிறார்' என்று எழுதாதீர்கள். தன் வீட்டுப் பாத்திரத்தைத் தான் கழுவுவது உதவி ஆகாது.

நிறுவனம் விற்கும் மற்றப் பொருள்களையும் பாருங்கள். எல்லாப் பெண்களும் அழகு என்று 2004 முதல் டவ் சோப்புக்குச் சொன்ன யூனிலீவர்தான் நம் பெண்களுக்கு ஃபேர் அண்ட் லவ்லி விற்றது. 2020இல் பெயரை மட்டும் மாற்றியது. கறுப்பாக இருக்கிறாள் என்று எந்தெந்த வீட்டில் வரன் தள்ளிப்போனது என்பதை நாம் மறக்கக்கூடாது.

கேள்வி: ஆண்களுக்கு மட்டும்தான் அறிவுரையா? பெண்களுக்கு யாரும் சொல்வதில்லையே?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: சொல்வதே பெண்களுக்குத்தான். 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த இரண்டாவது வாரம், நம் மலேசிய மகளிர் அமைச்சே சுவரொட்டி வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள், கணவரிடம் நச்சரிக்காதீர்கள், கார்ட்டூனில் வரும் டோரேமோன் பூனைக் குரலில் பேசுங்கள் என்று. எதிர்ப்பு வந்தபின் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. அந்த வாரம் எத்தனை வீட்டில் பெண்கள் அடிப்பவரோடு ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் என் மேற்பார்வையாளர் துப்புரவு செய்யும் அக்காவிடம் அசிங்கமாகப் பேசுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் புதியவன், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, வேலை போய்விடுமோ என்ற உன் பயம் பொய்யில்லை. என் அப்பாவும் அதே பயத்தில்தான் வாய் மூடியிருந்தார். முதலில் சிரிக்காமல் இரு. அதை அவர் கவனிப்பார். பிறகு அந்த அக்காவைத் தனியே பார்த்து, "நான் கேட்டேன் அக்கா. நீங்கள் புகார் செய்தால் நான் சாட்சி சொல்கிறேன்" என்று சொல். அவர் வேண்டாம் என்றால் நீயாகப் போய்ப் புகார் கொடுக்காதே. அது அவர் முடிவு.

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022 நமக்கு இருக்கிறது. அதன்கீழ் 2024 முதல் தனித் தீர்ப்பாயம் இயங்குகிறது. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்கலாம். பினாங்கிலேயே மகளிர் மாற்ற மையம் 1985 முதல் இருக்கிறது. அக்கா தயங்கினால் அங்கே ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை எழுதி வை. அலுவலகக் கணினியில் எழுதாதே, நோட்டை வீட்டில் வை.