டார்க்கா லைட்டா? ரூம் பெயின்ட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பத்துக்குப் பத்து பெட்ரூம், ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டு சுவரைப் பாத்து இருக்கு. நேவி ப்ளூ அடிக்கலாமா?

பதில்: நாலு சுவரும் வேணாம் தம்பி. ஒவ்வொரு ஷேடுக்கும் எல்ஆர்வினு ஒரு நம்பர் இருக்கு, விழுற வெளிச்சத்துல எவ்ளோ திரும்பி வருதுனு சொல்றது அது, நல்ல வெள்ளைனா 80க்கு மேல, நேவி ப்ளூ பெரும்பாலும் 10க்குள்ளதான், உங்க ரூம்ல பகல்லயே லைட் போட வேண்டியிருக்கும். ஆசைனா கட்டில் தலைமாட்டு சுவர் மட்டும் அடிங்க, மீதி ஆஃப் வொயிட்.

கேள்வி: மேல் மாடி சார். டார்க் அடிச்சா சூடு ஏறுமா?

பதில்: உள்சுவர் கலரால பெருசா ஏறாது. சூடு மொட்டை மாடி வழியாவும் மேற்கு வெளிச்சுவர் வழியாவும்தான் இறங்குது, காசை அங்க வெள்ளை கூல் கோட்டிங்குக்குப் போடுங்க.

கேள்வி: டார்க் ரெட் ரெண்டு கோட் அடிச்சும் பழைய க்ரீம் திட்டுத்திட்டா தெரியுது. பெயின்டர் தண்ணி கலந்துட்டாரோ?

பதில்: கலந்தும் இருக்கலாம், ஆனா உடனே அவர் மேல பாயாதீங்க. கீழ இருக்கறத மறைக்கிறது டைட்டானியம் டை ஆக்சைடுங்கற வெள்ளைப் பொடி, லைட் ஷேடுல அது நிறைய இருக்கும், டார்க் ரெட்டுக்கு எடுக்கற பேஸ்ல, அதாவது கலர் கலக்கற மூல பெயின்ட்ல, ரொம்ப கம்மி இல்லனா இருக்கவே இருக்காது, அதனாலதான் சிவப்பு மூணு நாலு கோட் கூட கேக்கும். முதல்லயே க்ரே கலந்த பிரைமர் அடிச்சிருந்தா ஒரு கோட் மிச்சம். கொட்டேஷன் வாங்கும்போதே எத்தனை கோட்னு எழுதி வாங்கிடுங்க.

கேள்வி: சுவர்ல உப்பு பூக்குது அண்ணா, டார்க் அடிச்சா மறைஞ்சிடுமா?

பதில்: நல்லா கேட்டீங்க! உப்பே வெள்ளை, டார்க் மேல பளிச்சுனு தெரியும். ஓதம் எங்கருந்து வருதுனு பாத்து அடைக்காம பட்டி கூட பாக்காதீங்க, உரிஞ்சு வந்துடும். டார்க் அடிக்கறதுக்கு முன்னாடி சுவர் சமமா இருக்கானும் பாக்கணும், ராத்திரி டார்ச்ச சுவரோட ஒட்டி வெச்சு அடிச்சுப் பாருங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழலா தெரியும், அதுக்கு மேல டார்க் ஷீன், அதாவது மினுங்கற பெயின்ட், அடிச்சா பகல்லயும் அப்படித்தான் தெரியும்.

கேள்வி: குட்டிப் பசங்க இருக்காங்க, கை அழுக்குக்கு டார்க் தானே நல்லது?

பதில்: இல்லக்கா. டார்க் மேட்ல, அதாவது மினுங்காத பெயின்ட்ல, நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும், துணி வெச்சு தேய்ச்ச இடம் மட்டும் மினுங்கும், டச் அப்பும் ஒட்டாம தனியா தெரியும். பீஜ் மாதிரி நடு ஷேடுல கழுவற எமல்ஷன் போடுங்க.

கேள்வி: ஷேட் கார்டுல க்ரே, சுவர்ல ப்ளூவா தெரியுது?

பதில்: பல்பு என்ன? 6500 கெல்வின் வெள்ளை லைட்ல க்ரே நீலம் அடிக்கும், 3000 வார்ம்ல பழுப்பு பக்கம் சாயும். குட்டி சாம்பிள் டப்பா வாங்கி ரெண்டு சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, காலையிலயும் ராத்திரி உங்க பல்புலயும் பாத்துட்டு அப்புறமா லிட்டர் கணக்குல வாங்குங்க.