கொம்பு முளைத்த வரலாறு

கேள்வி: எங்கள் குழந்தைகள் நூலகத்தில், இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு வரலாற்று நூல்கள் வாங்க இருக்கிறோம். உலக வரலாறு முழுவதும் அடங்கிய தடித்த தொகுதி வேண்டும், அப்போதுதான் பெற்றோர் மதிப்பார்கள் என்கிறது ஒரு தரப்பு. கதை சுவையாக இருந்தால் போதும், சின்னப் பிழைகளைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறது இன்னொரு தரப்பு. நீங்கள் யார் பக்கம்?

பதில்: இரண்டு பக்கமும் இல்லை.

தொகுதிக்காரர்களுக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள். அதில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ‘ஆட்சிபுரிந்துகொண்டிருந்தபோது’ என்ற ஒற்றைச் சொல்லில் பிள்ளை ஏறி இறங்குவதற்குள் ஆட்சியே மாறிவிடும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லில் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் எட்டவில்லை என்று விரல்விட்டு எண்ணும் ஆசிரியர்கள் உண்டு. முரட்டுக் கணக்குதான், ஆனாலும் உதவும்.

ஆண்டுகளும் அப்படித்தான். ஆறு வயதுக்கு 1492-உம் 1942-உம் ஒன்று. இரண்டுமே ‘ரொம்ப நாளைக்கு முன்னாடி’. ‘பாட்டியின் பாட்டி பிறப்பதற்கும் முன்னால்’ என்று எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். சக்கரம், விளக்கு, கடிகாரம் என்று ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போகும் 32 பக்கப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, ‘நானே படிச்சேன்’ என்று பிள்ளை சொல்லலாம். தொகுதியில் அது நடக்காது.

அப்புறம், ‘சின்னப் பிழை’க்காரர்கள். இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பொய் கலக்காமல் எளிமையாகச் சொல்ல முடியாது என்று யார் சொன்னது? ‘பூமி தட்டை என்று எல்லாரும் நம்பினார்கள், கொலம்பஸ்தான் உருண்டை என்று காட்டினார்’ என்று சிறுவர் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தவறு. கிரகணத்தின்போது நிலாவில் விழும் பூமியின் நிழல் வளைந்திருப்பதைக் காட்டி, கொலம்பஸுக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதைச் சொல்லிவிட்டார். சரி, இதை ஆறு வயதுக்கு எப்படி எழுதுவது? ‘பூமி உருண்டை. அது கொலம்பஸுக்குத் தெரியும். படித்த பலருக்கும் தெரியும். ஆனால் பூமி சின்னது என்று அவர் நினைத்தார். கணக்கு தப்பு. வழியில் வேறு நிலம் வந்தது. அங்கே முன்பே மனிதர்கள் இருந்தார்கள்.’ இதில் எந்தச் சொல் கடினம்? கணக்கில் கோட்டை விட்டவர் என்றால் பிள்ளைகளுக்கு அவரை இன்னும் பிடிக்கும்.

எழுத்துக்கூட்டும் பிள்ளை முதலில் படிப்பது படத்தைத்தான். அதனால் படத்தையும் சோதியுங்கள். வடக்கு ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங் வீரர்கள் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு போருக்குப் போனதற்குச் சான்றே இல்லை. 1943-இல் நார்வேயில் கண்டெடுத்த வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் இசைநாடக மேடையும் முளைக்கவைத்த கொம்பு அது. குகைமனிதன் டைனோசரைத் துரத்தினால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுங்கள். நடுவில் 6 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி.

நான் தேடுவது ஒரு பக்கத்தை. ‘இது எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டுப் பதிலும் சொல்லும் பக்கம். அடிமைகளைச் சாட்டையால் அடித்துப் பிரமிடு கட்டினார்கள் என்று இன்னமும் படம் போடுகிறார்கள். ஆனால் கீசா பிரமிடுகளின் அருகிலேயே, அவற்றைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990-இல் தெரியவந்தன. ‘தோண்டினார்கள். எலும்புகள் கிடைத்தன. ஒரு கை எலும்பு உடைந்து, பிறகு கூடியிருந்தது. யாரோ கட்டுப் போட்டிருக்கிறார்கள்.’ இப்படி நாலு வரி இருந்தால், அட்டை சுமாராக இருந்தாலும் வாங்கிவிடுவேன். அடிமையை இப்படிப் புதைத்து, வைத்தியமும் பார்த்திருப்பார்களா என்று பிள்ளையே கேட்கும்.

பெற்றோர் மதிப்புக்காகத் தொகுதி வேண்டுமென்றால் தாராளமாக வாங்கி மேல்தட்டில் வையுங்கள், பெரியவர்கள் கண்ணுக்குப் படுகிற உயரத்தில். கீழ்த்தட்டுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.