பழைய வீட்டு கம்ப்யூட்டருக்கு காசுக்குத் தகுந்த எஸ்எஸ்டி எது? வேகம் எவ்வளவு பார்த்து வாங்க வேண்டும்?

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஜென் 4 என்விஎம்இ வாங்குங்க, மத்ததெல்லாம் வேஸ்ட்." எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிரைவ், என்விஎம்இ அதில் அதிவேக வகை, ஜென் 4 அதன் வேகமான ஒரு தலைமுறை. அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது உங்கள் மதர்போர்டு என்ன என்று கேட்டாரா? எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய கம்ப்யூட்டர் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். பையனோ பொண்ணோ காலேஜ் சேரும்போது அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப், இப்போது ஹாலில் ஒரு மூலையில் இருக்கிறது, பேங்க் வேலை, பில், பிள்ளைகள் படிப்பு, எப்போதாவது ஒரு படம், இவ்வளவுதான் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் என் பதில்: 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டுவது), 500 ஜிபி, டிஎல்சி வகை (என்ன என்று கீழே சொல்கிறேன்), பெயர் தெரிந்த கம்பெனி, ஜிஎஸ்டி பில்லோடு. போர்டில் என்விஎம்இ ஏற்கும் எம்.2 ஸ்லாட் (சின்னப் பட்டை மாதிரி இருக்கும் டிரைவை நேராகச் செருகும் இடம்) இருந்தால் தாராளமாக என்விஎம்இ வாங்குங்கள். அதிலும் விலை குறைந்த நல்ல மாடலே போதும்.

நான் ஹார்டுவேர் எஞ்சினியர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். கேம் ஆடுகிறவர்களும் 4கே வீடியோ எடிட் செய்கிறவர்களும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் தேவை வேறு, ஒப்புக்கொள்கிறேன்.

காங்கேயத்தில் என் தாய்மாமனுக்குத் தேங்காய் எண்ணெய் மில். கொப்பரை காயப்போடும் களத்தை ஒட்டியே வீடு. மில் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஹாலில் இருக்கிற ஒரே டெஸ்க்டாப்பில்தான். லாரியில் டின் ஏற்றிக் கட்டி முடித்து டிரைவர் வாசலில் நிற்பார், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் போட வேண்டும், கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. மாமா போனில் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "பட்டன அமுக்கிப்போட்டு நான் போயி எருமைக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்தாலும் இன்னும் சுத்தீட்டேதான் இருக்குது மாப்ள."

அவருக்கு வழக்கமாக வேலை பார்க்கும் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது தேறாது, புது செட் போட்டுக்கலாம் என்று ஒரு கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மச்சான், மாமாவின் மகன், அதெல்லாம் வேண்டாம், எஸ்எஸ்டி போட்டால் போதும் என்றான். அதுவரை சரி. அங்கிருந்தே ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போட்டும் அனுப்பிவிட்டான். நொடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் பெரிதாக அச்சடித்த ஜென் 4 என்விஎம்இ. நான் போய் கேபினட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது எச்61 போர்டு, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர். எம்.2 ஸ்லாட் என்ற ஒன்றே அதில் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டில் அடாப்டர் கார்டு செருகலாம் என்று மச்சான் போனில் விடவில்லை. செருகலாம்தான். ஆனால் அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது. விண்டோஸை அதில் போட்டு ஏற்ற முடியாவிட்டால் என்னத்துக்கு?

அந்த டிரைவ் அட்டைப் பெட்டியோடு பீரோவுக்குள் போனது. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவனே எடுத்துக்கொண்டு போய்த் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டான்.

எச்61 போர்டு நம் பக்கத்தில் எத்தனை வீட்டில், எத்தனை கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியும். 2011ல் வந்த சிப்செட் அது. அதில் இன்னொரு விஷயம், சாட்டா போர்ட்டும் நொடிக்கு 3 ஜிகாபிட் போகும் பழைய வகை. சாட்டா எஸ்எஸ்டி அட்டையில் 550 எம்பி என்று போட்டிருப்பதெல்லாம் 6 ஜிகாபிட் போர்ட்டுக்கான கணக்கு. மாமா வீட்டு கம்ப்யூட்டரில் 280ஐத் தாண்டாது. "பாதி வேகத்துக்குக் காசு குடுத்து வாங்கறியே" என்று மச்சான் சிரித்தான். நான் வாங்கிப் போட்டேன்.

போட்ட பிறகு, பட்டனை அமுக்கி மாமா நாற்காலியை இழுத்து உட்கார்வதற்குள் டெஸ்க்டாப் வந்து நின்றது. கணக்கு எழுதும் டேலி கிளிக் செய்ததும் திறந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்த்தார்.

ஏன் என்றால், விண்டோஸ் ஏறும்போதும் டேலி திறக்கும்போதும் கம்ப்யூட்டர் ஒரு பெரிய ஃபைலை நேராகப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்குகிறது. லாரி பைபாஸில் போகிற வேகம் வேறு, ஊருக்குள் வீடு வீடாக நின்று பால் ஊற்றுகிற வேகம் வேறு. 7200 சுற்று ஹார்ட் டிஸ்கில் முள் நகர்ந்து, தட்டு சுழன்று, ஒவ்வொரு துண்டையும் எடுக்க 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அப்படிச் சிதறிய 4 கேபி துண்டுகளாகப் படித்தால் நொடிக்கு 1 எம்பியைத் தொடுவதே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையை நொடிக்கு 25, 30 எம்பி என்று செய்யும். 3 ஜிகாபிட் போர்ட் இதற்குத் தடையே இல்லை. என்விஎம்இ இன்னும் இரண்டு மடங்கு செய்யலாம், ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து மாறுகிற ஆளுக்கு முதல் தாவல்தான் தெரியும். அடுத்ததைக் கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 7,000 எம்பி தேவைப்படுவது பெரிய ஃபைல்களை நாள் முழுக்க அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கு.

"கேபினட்டில் கொப்பரைத் தூசியைத் தட்டியதால்தான் வேகம் வந்திருக்கும்" என்று ஒரு நண்பர் ஏற்கெனவே என்னிடம் வாதாடிவிட்டார். தூசியையும்தான் தட்டினேன், கை நிறைய வந்தது. தட்டிவிட்டுப் பழைய டிஸ்கிலேயே முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஃபேன் சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு குற்றச்சாட்டும் வரும்: விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, மூன்றாம் தலைமுறைப் பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, செத்த குதிரைக்கு ஏன் லாடம் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் 2.5 இன்ச் சாட்டா டிரைவ் வீணாகப் போவதில்லை. நாளைக்குப் புது டெஸ்க்டாப் வாங்கினால் அதிலும் சாட்டா போர்ட் இருக்கும், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். உங்களுடையது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, எம்.2 ஸ்லாட்டும் பெரும்பாலும் இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். அதில் சாட்டா டிரைவும் வரும், என்விஎம்இ டிரைவும் வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்று போர்டு மேனுவலில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த கம்ப்யூட்டருக்குப் பாதி வேலை மில்லால் இல்லை, மாமாவின் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தால். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும்: நாளைக்குள் நீர்ச் சுழற்சி, கலர் பிரின்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டி வர வேண்டும். வீட்டு இங்க்ஜெட்டில் மை காய்ந்து கிடக்கும். கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டால் பிரின்டரையே தூக்கிப் போடலாம் போலிருக்கும். வீட்டில் யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குள் ஜெராக்ஸ் கடை தேடிப் போக வேண்டும். ஒரு தடவை பாப்பா தானே மழையும் மேகமும் தோட்டத்துக் கிணறும் வரைந்து எடுத்துப் போனாள். மார்க் குறைவு. பக்கத்து வீட்டுப் பையன் பிரின்ட் எடுத்து ஒட்டியதற்கு ‘எக்ஸலன்ட்’. லேப் ஃபீஸ் என்று தனியாக வாங்குகிறார்களே, அங்கே ஒரு கலர் பிரின்டர் வைத்தால் என்ன? சரி, விடுங்கள்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். டிஎல்சி என்றால் சிப்பில் தகவலை வைக்கும் ஒரு சின்ன அறையில், அதாவது செல்லில், மூன்று பிட், க்யூஎல்சி என்றால் நான்கு. நான்கு பிட் திணிப்பதால் விலை குறையும், எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். இரண்டு வகையும் முதலில் கேஷ் என்ற ஒரு தற்காலிக இடத்தில் வேகமாக எழுதிக்கொள்ளும். அது நிரம்பியதும் மலிவான க்யூஎல்சியின் சாயம் வெளுக்கும். பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது ஹார்ட் டிஸ்கை விட மெதுவாகவும் போகலாம். அடுத்தது டிராம் கேஷ். எந்தத் தகவல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள டிரைவுக்குள் இருக்கும் சின்ன மெமரி. என்விஎம்இயில் அது இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவில் அந்த வசதி கிடையாது. அதனால் சாட்டா வாங்கினால் டிராம் உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன்.

மாடல் பெயர் கேட்பீர்கள். சாட்டாவில் சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 இரண்டும் டிஎல்சி, டிராம் உண்டு, 5 வருட வாரண்டி. க்ரூஷியலுக்குப் பின்னால் இருக்கும் மைக்ரான், வீட்டு வாடிக்கையாளர் வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. பழைய ஸ்டாக் நல்ல விலைக்குக் கிடைத்தால் விட வேண்டாம். பட்ஜெட் இன்னும் குறைவென்றால் க்ரூஷியல் பிஎக்ஸ்500 (BX500), கிங்ஸ்டன் ஏ400. டிராம் இல்லை, 3 வருட வாரண்டி, ஆனால் ஹார்ட் டிஸ்கோடு ஒப்பிட்டால் அவையும் பறக்கும். என்விஎம்இ என்றால் டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 போதும். விலையை நான் எழுதவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளுவதால் மாதத்துக்கு மாதம் ஏறுகிறது, நான் எழுதுவது நாளைக்கே பொய்யாகிவிடும்.

ஆயுளை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு: எம்எக்ஸ்500ன் 500 ஜிபி மாடலுக்குக் மொத்தம் இவ்வளவு எழுதலாம் என்று கம்பெனி சொல்லும் அளவு 180 டிபி (ஒரு டிபி என்றால் 1,000 ஜிபி). தினம் 20 ஜிபி எழுதினாலும், வீட்டில் அவ்வளவு எழுத மாட்டோம், வருடத்துக்கு 7.3 டிபி. 24 வருடம் வரும். அதற்குள் போர்டு போய்விடும். 500 ஜிபி வாங்கி விண்டோஸில் 465 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

கோயம்புத்தூரில் நான் முதலில் போன கடையில், பில் வேண்டாமென்றால் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். மூன்று வருடம், ஐந்து வருடம் வாரண்டி என்பதெல்லாம் சீரியல் நம்பர் போட்ட பில் கையில் இருந்தால்தான். பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதி செய்தவர் முகவரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரத்துச் சொச்சத்துக்கு 2 டிபி என்று ஆன்லைனில் வருவதைத் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன சிப்பை வைத்துக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டும் போலிகள் அவை, நிரம்பியதும் பழைய ஃபைல்மேலேயே எழுதிவிடும். மாட்டியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பாருங்கள். புது டிரைவ் ஓடிய நேரம் நூற்றுக்கணக்கான மணி என்று காட்டினால் அது புதிதில்லை.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பரணில் போடாதீர்கள், நன்றாக இருந்தால் இரண்டாவது கேபிளில் அப்படியே இருக்கட்டும். எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காது, போனால் போனதுதான், தகவலை மீட்பதும் கடினம். மாமா வீட்டில் டேலி பேக்கப் தினமும் அந்தப் பழைய டிஸ்கில் விழும்படி வைத்திருக்கிறேன். தோட்டத்து லைனில் கரன்ட் வந்து வந்து போகும், வீட்டு எஸ்எஸ்டிகளில் அதைத் தாங்கும் கெபாசிட்டர் பெரும்பாலும் இருக்காது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். புதிதாக விண்டோஸ் போடுவதற்கு முன்னால் பயாஸில் சாட்டா மோடு ஏஎச்சிஐ (AHCI) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 3.5 இன்ச் இடத்தில் மாட்ட பிராக்கெட் கிடைக்காவிட்டால் டபுள் சைடு டேப் போதும், உள்ளே ஓடுகிற பாகம் எதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன் ரன் பெட்டியைத் திறந்து எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் இருப்பதை இங்கே எழுதினால், ஸ்லாட் உண்டா, போர்ட் எந்த வகை என்று மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன். பிரின்டரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.