ஜன்னல் நழுவினால் நல்லதா?

கேள்வி: கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல்கள் நழுவுவதும் கண்ணாடி மாதிரி மின்னுவதும் உதவியா, தொந்தரவா?

பதில்: நழுவுவது வேறு, மின்னுவது வேறு. மேக்கில் மஞ்சள் பட்டனை அழுத்தினால் ஜன்னல் வளைந்து சுருங்கி, கீழே டாக் என்ற ஐகான் வரிசையில் போய் உட்காருகிறது பாருங்கள், அது வெறும் அலங்காரம் இல்லை, எங்கே போனது என்று கண்ணுக்குக் காட்டிவிடுகிறது, அப்புறம் தேட வேண்டியதில்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டா கொண்டுவந்த கண்ணாடி விளிம்பு அப்படியா? பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கிராபிக்ஸ் சுமைதான் மிச்சம். 2012இல் விண்டோஸ் 8 அதைக் கைவிட்டது சரியான முடிவு. திரை அசைந்தாலே தலைசுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ஆக்சஸபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய் அனிமேஷனை அணைத்துவிடுங்கள். பழைய லேப்டாப் என்றால் டிரான்ஸ்பரன்சி என்கிற அந்தக் கண்ணாடித் தோற்றத்தையும் சேர்த்து.